சுணக்கத்தில் சீவிக்கும் ஊர்

எந்த ஊருக்குப் போனாலும் இத்தாலியக்கா முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

“இஞ்ச ஆர் ஆரில சீவிக்கினம்?”

யாரை வைத்து யார் பிழைக்கிறார்கள் என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டும். மற்றவர்கள் என்றால் கறிச்சாமான் எங்கே வாங்கலாம், தமிழ்க் குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன என்று கேட்பார்கள். டென்மார்க்கில் கோல்டிங் என்கிற ஊரில் என் மச்சாளின் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்று ஒருமுறை அவரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கேக் வெட்டுவதற்கு முதலே மச்சாளின் கணவரை ஒரு மூலையில் மறித்து வைத்துக்கொண்டு, இந்த ஊரில் என்ன தொழில், முதலாளிமார் யார், எங்கள் ஆட்களை ஏன் வேலைக்கு எடுக்கிறார்கள் என்று விசாரணை தொடங்கிவிட்டார். அந்த மனிதர் பன்றியிறைச்சித் தொழிற்சாலையில் காலை வேலை முடித்து, வந்த கையோடு பலூன் ஊதி, களைத்துப்போய் நின்றவர்.

“அக்கா, நான் பண்டி வெட்டுற ஆள். என்னட்டை உதுகளைக் கேட்டால் நான் எங்க போறது?” என்றார்.

“வெட்டுற நீர்தான் சொல்லவேணும். நீர் வெட்டாட்டி அவன் என்ன செய்வான்?”

வீட்டுக்குத் திரும்பும்போது ரயிலில் நான் அவரோடு கதைக்கவில்லை. பிறந்தநாள் வீட்டில் கேட்கிற கேள்வியா இது என்று எனக்குச் சினமாக இருந்தது. அவருக்கு அது தெரிந்தது. தெரிந்தும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “பண்டி வளர்க்கிறவனுக்கு அரசாங்கம் காசு குடுக்குதோ தெரியாது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

இத்தாலியக்கா என்பது நாங்கள் வைத்த பட்டம். ஆள் மன்னார்க் கரையைச் சேர்ந்த கத்தோலிக்கர். மெலிந்த உடம்பு, காதை மூடிக் கட்டிய கறுப்புத் துண்டு, முழங்காலுக்குக் கீழே இறங்கும் ஆண்களின் ஓவர்கோட் ஒன்று. கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். மகனுக்கு அப்போது விவரம் தெரிகிற வயது, மகள் கைக்குழந்தை. இரண்டு பிள்ளைகளையும் தமக்கையிடம் விட்டுவிட்டு, கன்னியாஸ்திரிமார் மூலமாக இத்தாலியில் வீட்டுவேலைக்குப் போனவர். எங்களைப் போல கொழும்பிலிருந்து நேரே வந்து இறங்கியவர் இல்லை. அங்கே பல ஆண்டுகள் இருந்துவிட்டு, பிறகு ஜெர்மனிக்கூடாக டென்மார்க்குக்கு ரயிலில் வந்தார். ஏன் வந்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, கோபத்தில் கதையைக் குழப்பிவிடுவேன்.

எங்களுடைய ஊர் ஜுட்லாண்டில் ஒரு சின்ன நகரம். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் என் சொந்தக்காரர் இருக்கிறார்கள். இத்தாலியக்கா எங்கள் மாடிப்படியில் எதிர்க் கதவு. காலையில் இரண்டு பேரும் முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கிற பகுதியில் வேலை, பின்னேரம் மொழிப் பள்ளிக்கூடம். துணி மடிக்கிற நேரத்தில்தான் அந்த இத்தாலி ஊரை எனக்குச் சொன்னார். நான் இத்தாலிக்குப் போனதில்லை. ஆனால் அந்த ஊரில் எந்தத் தெருவில் எந்தக் கடை, அந்தக் கடைக்காரன் எதனால் சாப்பிடுகிறான் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன்.

மலையின் முதுகில் மதில் சுற்றிய சின்ன ஊர். நடுவில் பேராலயம், அதற்குப் பக்கத்தில் பல நூற்றாண்டுப் பழைய பல்கலைக்கழகம். ஊர்ச் சனத்தை விடப் படிக்க வந்த பிள்ளைகள் கூட. தெற்கே இருந்து வந்த பிள்ளைகள், கடல் தாண்டி வந்த கிரேக்கப் பிள்ளைகள். இத்தாலியக்கா வேலை செய்தது ஒரு விடுதிக்கார அம்மாவின் வீட்டில். சின்யோரா என்றுதான் சொல்வார். சின்யோரா ஒவ்வொரு அறையையும் நடுவில் அலுமாரி வைத்து இரண்டாக்கி, ஒவ்வொரு பாதியிலும் இரண்டு கட்டில் போட்டு, அறையை அல்ல, கட்டிலை வாடகைக்கு விட்டிருந்தார். ஊர் முழுக்க அப்படித்தானாம்.

“கீழ பள்ளத்தில ஒலிவ் தோட்டமெல்லாம் பத்தை பிடிச்சுக் கிடந்தது. ஆடு வளர்த்தவன் கொட்டிலுக்கு வெள்ளையடிச்சு, கட்டில் போட்டு, பிள்ளையளுக்கு விட்டிட்டான். ஆடெண்டால் நோய் வரும், புல்லுப் போடோணும். பிள்ளையெண்டால் மாதம் பிறக்க வாடகை வரும்.”

பாண்காரன், கோப்பிக் கடைக்காரன், புத்தகங்களைப் பிரதி எடுத்து விற்கிறவன், பிள்ளைகளின் ஆய்வுக் கட்டுரையைத் தட்டச்சுச் செய்து கொடுக்கிற கிழவி, அதற்குத் தோல் மட்டை கட்டுகிறவன் என்று எல்லாருடைய அடுப்பும் அந்தப் பிள்ளைகளால்தான் எரிந்தது. பேராசிரியர்மார் கூட அங்கே குடியிருக்கவில்லை, கிழமை தொடங்க பஸ்ஸில் வந்து கிழமை முடியமுன் பஸ்ஸில் போய்விடுவார்கள். ஆகஸ்டில் பிள்ளைகள் வீட்டுக்குப் போனால் யன்னல்கள் எல்லாம் சாத்திக்கொள்ளும். பாண்காரன் வாசலில் நாற்காலி போட்டு நித்திரை கொள்வான். ஊர்க்காரரின் சொந்தப் பிள்ளைகள் படித்தார்களா என்று கேட்டேன். “அவங்கள் ஏன் படிப்பான்? வீட்டில கட்டில் இருக்கே” என்றார்.

அங்கே படிப்புக்கு முடிவு இல்லையாம். சோதனையில் தவறினால் அடுத்த முறை எடுக்கலாம், அதிலும் தவறினால் அதற்கடுத்த முறை. தலை நரைக்கத் தொடங்கிய மாணவர்கள் இருந்தார்கள். சின்யோரா வீட்டில் ஒரு கிரேக்கப் பெடியன் இருந்தான். அவன் சோதனை பிழைத்து வந்த அன்றைக்கெல்லாம் சின்யோரா இறைச்சி போட்டுச் சமைப்பார். தலையைத் தடவி, பரவாயில்லை மகனே, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்.

“நடிப்பில்லை, தங்கச்சி. உண்மையான அன்பு. அதுதான் எனக்குப் பயமாயிருக்கும். கெதியாப் படிச்சு முடிக்கிற பிள்ளையால ஊருக்கு என்ன பிரயோசனம்? சுணங்கிறவன்தான் ஊருக்குச் சோறு.”

இதைச் சொல்லும்போது அவருடைய கை நிற்காது. படுக்கைவிரிப்பின் நான்கு மூலைகளையும் சேர்த்து, ஒரு சுருக்கம் விழாமல் மடித்து அடுக்கிக்கொண்டே இருப்பார். கோபம் என்றால் கத்துகிற கோபம் இல்லை அவருக்கு. பால் கணக்குச் சொல்வது போலத்தான் சொல்வார்.

அந்த ஊரில் பட்டம் எடுத்தவர் எல்லாரும் டொக்டர்தானாம். பட்டம் எடுத்த பிள்ளையின் தலையில் இலைகளால் கட்டிய வளையம் ஒன்றை வைப்பார்களாம். தாய் தகப்பன் ஊரிலிருந்து வந்து, விருந்து வைத்து, படம் எடுத்து, குடிவெறியில் பாட்டுப் பாடி முடிய, வளையத்தை மதிலோரம் எறிந்துவிட்டுப் போவார்கள். இத்தாலியக்கா விடியப் போய் அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து, கழுவிக் காயவைத்து, ஆட்டிறைச்சிக் கறிக்குப் போடுவார். பிரிஞ்சி இலை மாதிரி வாசம். டென்மார்க்குக்கு வரும்போதும் ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். என் கணவர் அந்தக் கறியை ஒரு பிடி பிடித்துவிட்டு, “என்ன அக்கா, ஒரு மாதிரி நல்ல வாசம்” என்றார். “அது ஒரு டொக்டரின்ர தலை, தம்பி. சாப்பிடும்” என்றார் அக்கா. அவர் சிரித்து நான் கண்ட மிகச் சில தடவைகளில் அது ஒன்று.

டென்மார்க்கில் மூச்சு விடுவதற்கு முதல் ‘தக்’ சொல்ல வேண்டும். சாப்பிட்டால் தக், போன முறை சந்தித்ததற்கு இந்த முறை ஒரு தக். நாங்கள் வந்து இறங்கியதும் கற்ற முதல் சொல் அதுதான், நன்றி என்று அர்த்தம். எங்கள் ஆட்கள் அதைச் சொன்ன சொல்லுக்கு நாக்குத் தேய்ந்திருக்க வேண்டும். பஸ் நிற்காமல் போனாலும் தக் சொல்லக்கூடியவர் என் கணவர். இத்தாலியக்காவின் வாயில் அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. எங்களுக்குத் துணையாக இருந்த ஒரு டெனிஷ் குடும்பம் பழைய உடுப்புகள் ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தது. நாங்கள் எல்லாரும் கும்பிடாத குறை. இவர் பையை நிலத்தில் கொட்டி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கிழிந்ததை எல்லாம் திரும்பப் பைக்குள் போட்டு அந்த அம்மாவிடமே கொடுத்துவிட்டார். அந்த அம்மா சிவந்துபோனார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஆனால் அதன்பிறகு அந்த வீட்டிலிருந்து கிழிந்த உடுப்பு வரவில்லை.

மொழிப் பள்ளிக்கூடத்தில் ஒருநாள், நீங்கள் வாழ்ந்த ஓர் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆசிரியை கேட்டார். இளம் பெண், நல்ல பிள்ளை. எங்கள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் வீட்டுக்கு வந்து பார்க்கிறவர். நாங்கள் எல்லாரும் எங்கள் ஊரில் கோயில் இருக்கிறது, கிணறு இருக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். இத்தாலியக்கா எழும்பி, அரைவாசி டெனிஷிலும் அரைவாசி இத்தாலிய மொழியிலும் அந்த மலையூரைச் சொன்னார். ஆசிரியைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியானால் இந்த ஊரைப் பற்றியும் சொல்லுங்களேன் என்று வாய் கொடுத்துவிட்டார்.

“இந்த ஊரும் அப்படித்தான். கடற்கரையில் பலகை அடித்துக் கிடந்த ஹோட்டலில் இப்போது அகதிகள். அதற்குப் பாண், அதற்குப் பால், அதற்குக் காவல்காரன். பள்ளிக்கூடம் பூட்ட இருந்ததாம், இப்போது வகுப்புப் போதவில்லை. நாங்கள் வர முதல் நீங்கள் எங்கே வேலை செய்தீர்கள்?”

“வேலை இல்லாமல் இருந்தேன்” என்றார் ஆசிரியை.

“நாங்கள் எல்லாரும் கெதியாகப் படித்துவிட்டால்?”

ஆசிரியை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அவரை நேரே பார்த்துச் சொன்னார். “எனக்கு வேலை கிடைத்தது உங்களால்தான். அது உண்மை. ஆனால் உங்களைச் சுணக்குகிறவள் நான் இல்லை. நீங்கள் நாளைக்கே படித்து முடித்தால் நாளைக்கே சந்தோஷப்படுவேன்.”

படியிறங்கும்போது, “ஏன் அக்கா அந்தப் பிள்ளையை நோகடிச்சனீங்கள்?” என்று சண்டைக்குப் போனேன். “அவ நல்ல பிள்ளை. அவ சொன்னது சரி” என்றார். பிறகு வாசற்கதவில் நின்று, “அப்ப என்னைச் சுணக்கிறது ஆர்?” என்று கேட்டார். அது என்னிடம் கேட்ட கேள்வி இல்லை.

அவர் ஏன் டென்மார்க்குக்கு வந்தார் என்று இனிமேல் சொல்லலாம். இத்தாலியில் அவருக்குச் சாப்பாடு இருந்தது, படுக்கை இருந்தது. பிள்ளைகளைக் கூப்பிட வழி இருக்கவில்லை. டென்மார்க்கில் அகதியாக ஏற்றுக்கொண்டால் பிள்ளைகளைக் கூப்பிடலாம், அது அந்த நாட்டுச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் தெரிந்த ஊரையும் தெரிந்த மொழியையும் விட்டுவிட்டு இந்தக் குளிருக்குள் வந்தார். ஏற்றுக்கொண்டார்கள். மகனையும் மகளையும் கூப்பிட விண்ணப்பம் கொடுத்தார். மகனுக்கு அப்போது பதினாறு. பதினாறு வயதுப் பெடியனை வீட்டில் வைத்திருப்பது சண்டை நடந்த அந்த நேரம் எவ்வளவு பெரிய பயம் என்பது எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தெருவில் ஒரு வாகனம் நின்றால் வீட்டுக்குள் எல்லாருக்கும் மூச்சு நிற்கும்.

பதில் வரவில்லை. எனக்குத் தெரிந்த எவருக்கும் வரவில்லை. இஷொயில் ஒருவர் மனைவிக்காக, ஓல்போர்க்கில் ஒருவர் நான்கு பிள்ளைகளுக்காக, எங்கள் மாடிப்படியிலேயே மூன்று வீடுகள். கேட்டால், வேலை அதிகம், பொறுமையாக இருங்கள் என்றார்கள். சிலரிடம் இன்னொரு சான்றிதழ் கேட்டார்கள். குண்டு விழுகிற ஊரில் அரசாங்கக் கந்தோரே இல்லை, சான்றிதழுக்கு எங்கே போவது. நாங்கள் பொறுமையாக இருந்தோம். எங்கள் ஆட்களைப் போலப் பொறுமையான சனம் உலகத்தில் இல்லை, அதுதான் எங்களுக்குப் பிடித்த சனி. கந்தோருக்குப் போகும்போது வடையும் றோல்ஸும் சுட்டுக்கொண்டு போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார்கள். விண்ணப்பம் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

இந்த நேரத்தில்தான் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. என் கணவர்தான் சங்கச் செயலாளர். கலைமாலை ஒன்று வைப்போம், நகர முதல்வரைக் கூப்பிடுவோம், சாறி, பரதநாட்டியம், புரியாணி எல்லாம் காட்டுவோம், அவர்களின் மனம் இளகும், மேலே சொல்லுவார்கள் என்று. எங்கள் ஆட்கள் ஒரு விழா வைத்தால் கடவுள் வாழ்த்து இல்லாமல் நடந்தாலும் நடக்கும், நன்றியுரை இல்லாமல் நடக்காது. மண்டபத்துக்கு நன்றி, ஒலிபெருக்கிக்கு நன்றி, வந்து இருந்ததற்கு நன்றி, பொறுமையாக இருந்து இந்த நன்றியுரையைக் கேட்டதற்கும் நன்றி. பிள்ளைகள் அங்கே சாகக் கிடக்க, இங்கே பதில் போடாமல் வைத்திருக்கிறவர்களுக்கு மேடை போட்டு நன்றி சொல்ல எங்களைத் தவிர வேறு எந்தச் சனத்துக்குத் தோன்றும்?

அந்த நன்றியுரையை யார் செய்வது என்று கூட்டத்தில் கதை வந்தது. பிள்ளைகளைப் பிரிந்திருக்கிற தாய் ஒருத்தி சொன்னால் முதல்வரின் கண்ணில் தண்ணீர் வரும் என்று என் கணவர் கண்டுபிடித்தார். பயமில்லாமல் டெனிஷ் கதைக்கிற தாயும் ஒருத்திதான் இருந்தார். நான் வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. இத்தாலியக்கா மறுப்பார் என்று நினைத்தேன். அவரோ, “சரி தம்பி, சொல்லுறன்” என்றார்.

விளையாட்டு மண்டபம் நிறைந்திருந்தது. விளக்கேற்றி, பிள்ளைகள் ஆடி, முதல்வர் புரியாணியை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டு முடிய, இத்தாலியக்கா மேடைக்குப் போனார். ஓவர்கோட்டைக் கழற்றவில்லை. அவருடைய டெனிஷ் உடைந்த டெனிஷ்தான், ஆனால் விளங்காதவர் ஒருவரும் அங்கே இருந்திருக்க முடியாது.

“நன்றி சொல்லச் சொன்னார்கள். யாருக்குச் சொல்வது என்று யோசித்தேன். பாண்காரருக்கு நாங்கள் வந்தபிறகு வியாபாரம் கூட. அவர்தான் எனக்கு ஒவ்வொரு நாளும் நன்றி சொல்கிறார். ஹோட்டல்காரருக்கு யன்னல் போட்டாயிற்று. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் இப்படி ஓர் ஊரில் இருந்திருக்கிறேன், எனக்குக் கோபமில்லை. எல்லாரும் சாப்பிடத்தானே வேண்டும். ஆனால் நாங்கள் உங்கள் சோற்றைச் சாப்பிடுகிறோம் என்று சொல்லாதீர்கள். நாங்கள் காத்திருக்கிறதை நீங்களும்தான் சாப்பிடுகிறீர்கள். பிள்ளைகள் தாயிடம் வரலாம் என்று உங்கள் சட்டம் சொல்கிறது. நான் பிச்சை கேட்கவில்லை. எனக்கு ஒரு மகன் இருக்கிறான். அந்த வயதுப் பெடியன்களை அங்கே பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவன் வந்த அன்றைக்கு இதே இடத்தில் நின்று எல்லாருக்கும் நன்றி சொல்வேன். இன்றைக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.”

இறங்கிவிட்டார். பிறகு முதல்வர் கைதட்டினார், அவரைப் பார்த்து மற்ற டெனிஷ்காரரும் தட்டினார்கள். அவர்கள் எதற்கும் கைதட்டக்கூடிய சனம். அந்த இளம் ஆசிரியை மட்டும் தட்டவில்லை, குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆட்கள்தான் துள்ளினார்கள்.

“மானத்தை வாங்கிப்போட்டா” என்றார் என் கணவர், வீட்டுக் கதவு சாத்தியதும் சாத்தாததுமாக. “சாப்பாடு போட்டவனுக்கு முகத்தில அடிச்ச மாதிரி. இனி ஒருத்தருக்கும் விசா வராது. இவவின்ர வாயால எங்கள் எல்லாருக்கும் சுணக்கம்.”

“இவ்வளவு நாளும் வராததுக்கு ஆரின்ர வாய் காரணம்?” என்று கேட்டேன்.

“நீயும் அவவோட சேர்ந்து பழுதாப் போனாய்.”

அன்றைக்கு என் கணவர் சொன்னதையே எங்கள் சனம் முழுக்கச் சொன்னது. இத்தாலியக்காவைப் பிறந்தநாள்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பூசைக்குப் போனால் நீள வாங்கில் அவருக்குப் பக்கத்து இடம் வெறுமையாகக் கிடந்தது. மனைவிக்காகக் காத்திருந்த ஒருவர் மாடிப்படியில் அவரை மறித்து, என் மனுசிக்கு ஏதும் நடந்தால் நீங்கள்தான் பொறுப்பு என்றே சொன்னார். அக்காவுக்கு உறைத்தது அந்தச் சொல் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அடுத்த நாள் துணி மடிக்கும்போது, “உண்மையா என்ர வாயாலதானோ?” என்று கேட்டார். அந்த மனுசி எதற்கும் சந்தேகப்பட்டு நான் பார்த்ததில்லை. தன் பிள்ளை வராததற்குத் தன் வாயே காரணமோ என்று அவரை நினைக்க வைத்தது எங்கள் சனம். அதற்கு நான் அவர்களை மன்னிக்கப் போவதில்லை, என் கணவர் உட்பட.

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. பத்திரிகைகள் எழுதின. தமிழரின் குடும்பங்களுடைய விண்ணப்பங்களை எடுக்காமல் வைத்திருங்கள் என்று அமைச்சர் மட்டத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். வேலை அதிகம் என்பது பொய். சட்டம் கொடுத்த உரிமையைச் சத்தமில்லாமல் மறித்து வைத்திருந்தார்கள். வடை கொண்டுபோனவரின் விண்ணப்பமும், மேடையில் ஏறிக் கேட்டவரின் விண்ணப்பமும் ஒரே மாதிரித்தான் தூங்கியிருக்கின்றன. அன்றைக்குப் பத்திரிகையை என் கணவரின் கோப்பைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன். வாசித்தார். தேநீரைக் குடித்தார். “ஓ” என்றார். எதிர்க் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்ல அவருக்குக் கால் வரவில்லை.

ஆனால் அதற்கு முதலே, அந்த மறிப்புக் கொஞ்சம் தளர்ந்த காலத்தில், இத்தாலியக்காவுக்கு அனுமதி வந்திருந்தது. மகனுக்கும் மகளுக்கும் இரண்டு அனுமதி. அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு ஓடி வந்தார், கொழும்பில் தங்கியிருந்த உறவுக்காரருக்குச் சொல்ல. நான் பக்கத்தில் நின்றேன். “ரெண்டு பேருக்கும் வந்திட்டுது, கெதியா வெளிக்கிடச் சொல்லுங்கோ” என்றார். அந்தப் பக்கத்தில் என்னவோ சொன்னார்கள். இவர், “எப்ப?” என்று கேட்டார். பிறகு, “ஆர் பிடிச்சது?” என்று கேட்டார். மன்னாரிலிருந்து கொழும்புக்கு எழுதுகிற கடிதமும் சுணங்கி வருகிற காலம், அதனால்தான் அவருக்குச் செய்தி எட்டியிருக்கவில்லை. சண்டைக்கு ஆள் பிடித்த இயக்கக்காரர் பெடியனை ரியூசன் முடிந்து வரும் வழியில் லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தமக்கை முகாம் முகாமாக அலைந்திருக்கிறார். பயிற்சி என்று கொண்டுபோன இடத்தில் சண்டை நடந்ததாம். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை.

அவர் அழுதது எனக்குத் தெரியாது. என் முன்னால் அழவில்லை. எங்கள் அடுப்பில் இருந்த சோற்றுப் பானை பொங்கி வழிந்தது, எழும்பிப் போய் அதை இறக்கி வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார்.

மகளைக் கூட்டிவர நானும் அவருமாகக் கொப்பன்ஹேகனுக்கு ரயிலில் போனோம். அவர்களின் தேவாலயப் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தோடு அவள் வந்தாள். மெல்லிய பிள்ளை, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலை. தாயைக் கைக்குழந்தையாகப் பிரிந்தவள், முகம் தெரியாது. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்தாள். “நான் இல்லை பிள்ளை, அவதான் அம்மா” என்றேன். அவள் கையை விட்டுவிட்டு அவருக்கு முன்னால் போய் நின்று, “வணக்கம் அன்ரி” என்றாள். இத்தாலியக்கா குனிந்து அவளுடைய சப்பாத்து நூலைக் கட்டினார். அது அவிழ்ந்திருக்கவே இல்லை.

சில காலத்துக்குப் பிறகு உள்ளூர்க் கந்தோரிலிருந்து ஒரு பெண் வந்தார். மகனுக்குக் கொடுத்த அனுமதி பாவிக்கப்படாமல் இருக்கிறது, அவர் வரமாட்டார் என்றால் ஒரு கையெழுத்து வைத்தால் விண்ணப்பக் கோப்பை மூடிவிடலாம் என்று மெதுவாகத்தான் சொன்னார். இத்தாலியக்கா பேனையைத் திரும்ப நீட்டினார்.

“மூடாதீர்கள்” என்றார். “நான் சுணங்கினால் மட்டும் உங்களுக்கு அவசரமா?”

அந்தப் பெண் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.

பிறகு ஒரு தை மாதம், விசாரணை முடிந்து அறிக்கை வந்தது. பாராளுமன்றத்துக்குப் பொய் சொன்னார்கள் என்று அரசாங்கமே பதவி விலகியது. நான் இத்தாலியக்கா வீட்டில் இருந்தேன். சோபாவில் இரண்டு பேரும், நிலத்தில் மகளும். பள்ளிக்கூடத்தில் அவள் இப்போது நன்றாக டெனிஷ் கதைப்பாள், தாயோடும் டெனிஷ்தான். எங்கள் வீட்டிலிருந்து என் கணவர் தொலைபேசி எடுத்தார். “அரசாங்கம் விழுந்திட்டுது. அவவுக்குச் சொல்லு. நாங்கள் வெண்டிட்டம். பின்னேரம் சங்கத்தில கேசரி.” நான் சொன்னேன்.

“அவைக்குக் கதிரைதானே போனது” என்றார் அக்கா, தொலைக்காட்சியைப் பார்த்தபடி.

செய்தியில் ஆளாளுக்குக் கதைத்தார்கள். சட்டம் என்றார்கள், பொறுப்பு என்றார்கள், நாட்டின் மானம் என்றார்கள். தமிழர், தமிழர் என்று வாய்க்கு வாய் வந்தது. ஒரு பெயர் வரவில்லை. மகள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையை நிமிர்த்தி டெனிஷில் கேட்டாள், இவர்கள் இவ்வளவு நேரமும் யாரைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று.

“உன்ர அண்ணாவைப் பற்றி” என்றார் இத்தாலியக்கா.

பிள்ளை கொப்பியை மூடி வைத்துவிட்டுத் தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய் உட்கார்ந்தாள். அண்ணாவின் படம் வரும் என்று நினைத்திருக்க வேண்டும். அமைச்சரின் முகம் வந்தது, பிரதமரின் முகம் வந்தது, மறுபடியும் அமைச்சர். செய்தி முடிந்து, நாளைக்கு எங்கெங்கே பனி கொட்டும் என்று சொல்லத் தொடங்கினார்கள். அவள் எழும்பவில்லை.